குறைந்த ராண்டில் சின்னக் கேமிங் கணினி: பழைய ஆபீஸ் பெட்டியிலிருந்து படிப்படியாக

புது பாகங்களாக வாங்கிச் சின்ன கணினி கட்டுவது தென்னாப்பிரிக்காவில் மலிவான வேலை இல்லை. மினி ஐடிஎக்ஸ் எனும் சின்ன அளவு மதர்போர்டு, அதற்கேற்ற கேபினட், குட்டி பவர் சப்ளை என்று எல்லாவற்றுக்கும், சின்னதாக இருக்கிறது என்பதற்காகவே கூடுதல் விலை. கையில் காசு குறைவென்றால் நேர்வழி வேறு. கம்பெனிகள் லீஸ் முடிந்ததும் கழித்துவிடும் சின்ன ஆபீஸ் கணினி ஒன்றை வாங்கி, அதற்குள் அடங்கும் கிராபிக்ஸ் கார்டைப் போடுவது. டர்பன், ஜோகன்னஸ்பர்க் இரண்டு ஊர்களிலும் இந்தப் பெட்டிகள் தாராளமாகக் கிடைக்கும்.

பெட்டியை முதலில் வாங்கிவிட்டுக் கார்டு தேடாதீர்கள். எந்தக் கார்டு என்று முடிவு செய்துவிட்டு, அது உட்காரும் பெட்டியைத் தேடுங்கள். பாதிப் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

1. கார்டைத் தீர்மானியுங்கள்

இந்தப் பெட்டிகளின் பவர் சப்ளை பெரும்பாலும் 180 முதல் 260 வாட் வரைதான். கார்டுக்குத் தனிப் பவர் ஒயர் இருக்காது. மதர்போர்டு ஸ்லாட் தரக்கூடிய 75 வாட்டுக்குள் ஓடும் கார்டுதான் வேண்டும். உயரமும் பாதி இருக்க வேண்டும். 'லோ புரொஃபைல்' என்று கேளுங்கள். சாதாரணக் கார்டின் பின்தகடு சுமார் 12 செ.மீ., இதன் தகடு சுமார் 8 செ.மீ. பழைய கார்டு வாங்கினால் அந்தக் குட்டைத் தகடு கூடவே வருகிறதா என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். தொலைந்துபோன தகட்டைத் தனியாகத் தேடுவது பெரிய தலைவலி.

ஜிடிஎக்ஸ் 1650: 75 வாட், 4 ஜிபி. இந்த விலைக்கு நல்ல கார்டு, ஆனால் லோ புரொஃபைல் வகை இரண்டு ஸ்லாட் தடிமன்.

என்விடியா டி1000: 50 வாட், ஒரே ஸ்லாட், 1650-இல் உள்ள அதே 896 கோர் (கணக்குப் போடும் அலகு). அலுவலக வரைபட வேலைக்கு வந்த கார்டு என்பதால் கேமர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னால் மினி டிஸ்ப்ளேபோர்ட் மட்டுமே உண்டு. எச்டிஎம்ஐக்கு மாற்றி வாங்க வேண்டும். இடம் குறைந்த பெட்டிக்கு என் தேர்வு இதுதான்.

ஆர்எக்ஸ் 6400: 53 வாட். இது பிசிஐஇ (கார்டு ஸ்லாட்டின் இணைப்பு முறை) 4.0-இன் நான்கு லேன்களை, அதாவது தரவுப் பாதைகளை, நம்பிச் செய்யப்பட்டது. நாம் வாங்கப்போகும் பெட்டிகள் பிசிஐஇ 3.0. அதனால் 4 ஜிபி நினைவகம் நிரம்பும் கேம்களில் தடுமாறும். வீடியோ பதிவுக்கான என்கோடரும் இதில் இல்லை.

இன்டெல் ஏ380-ஐ விட்டுவிடுங்கள். ரீசைசபிள் பார் (கார்டின் முழு நினைவகத்தையும் சிபியு நேரடியாக எட்டவிடும் வசதி) இல்லாத மதர்போர்டில் அதன் வேகம் படுத்துவிடும். காசு கொஞ்சம் கூட இருந்தால் 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டின் லோ புரொஃபைல் வகையைப் பாருங்கள். 'ஆர்டிஎக்ஸ் 3050' என்று மட்டும் சொல்லி விற்கும் 8 ஜிபி கார்டு வேறு. அது 130 வாட், இங்கே ஆகாது.

2. பெட்டி

இன்டெல் சிபியுவில் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது; விண்டோஸ் 11 முறைப்படி ஏற்கும் இன்டெல் சில்லுகள் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான். ஐ5-8500 போதும்: ஆறு கோர், 65 வாட்.

டெல் ஆப்டிபிளெக்ஸ் 7060, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4, லெனோவோ திங்க்சென்டர் எம்720எஸ் மூன்றும் இந்த வரிசை. மாடல் பெயரோடு 'எஸ்எஃப்எஃப்' (சின்ன அளவுப் பெட்டி) என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் (லெனோவோவில் கடைசி 'எஸ்' எழுத்தே அதைச் சொல்லும்). மைக்ரோ, மினி, டைனி என்று வரும் உள்ளங்கை அளவுப் பெட்டிகளில் கார்டு போட இடமே கிடையாது.

மூடியைத் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். பல ஆப்டிபிளெக்ஸ் எஸ்எஃப்எஃப் பெட்டிகளில் நீள ஸ்லாட் பவர் சப்ளையை ஒட்டியே இருக்கும். அங்கே இரண்டு ஸ்லாட் கார்டு நுழையாது, டி1000 நுழையும். ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் எத்தனை மில்லிமீட்டர், முன்பக்கம் டிஸ்க் கூண்டுவரை எத்தனை என்று அளவுகோலை வைத்து அளந்து, கார்டின் அளவோடு ஒப்பிடுங்கள். பவர் சப்ளையின் வாட் எண்ணையும் அதன் ஸ்டிக்கரில் படியுங்கள். பின்னால் கடைச் சப்ளையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். டெல், எச்பி பின்கள் கடையில் கிடைக்கும் பொது அளவு (ஏடிஎக்ஸ்) சப்ளையோடு பொருந்தாது. சிபியு 65, கார்டு 75, மற்றவை 25 என்று வைத்தால் 165 வாட். 180 வாட் சப்ளையில் இது நெருக்கடி, 200-க்கு மேல் நிம்மதி.

கடையில் வைத்தே ஆன் செய்யுங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டு அமைப்புத் திரை) பாஸ்வேர்டு இல்லாமல் நுழைய முடிகிறதா? இணையத்தோடு இணைத்தால் பழைய கம்பெனியின் பெயரோடு லாகின் கேட்கிறதா? இந்த இரண்டில் எதுவும் பூட்டியிருந்தால் வேண்டாம்.

வியாபாரியிடம் வாங்கினால் பழைய பொருளுக்கும் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத் தர உத்தரவாதம் உண்டு. தனி ஆள் ஒருமுறை விற்கும் பொருளுக்கு அது கிடையாது. வெளிநாட்டிலிருந்து கார்டு தருவிப்பவர்கள் வரியையும் கணக்கில் வையுங்கள்: 3,000 ராண்ட் கார்டென்றால் மதிப்போடு 10% கூட்டி, 3,300-க்கு 15% மதிப்புக் கூட்டு வரி (VAT) 495 ராண்ட். கூரியர்காரரின் கட்டணம் அதற்கு மேல்.

3. சேர்ப்பது

ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்துங்கள், மிச்ச மின்சாரம் வடியட்டும். கேபினட்டின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

முதலில் தூசி. டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் புழுக்கத்தில் தூசி ஈரம் இழுத்து ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே பிசினாக ஒட்டிக்கொள்ளும். ஊதினால் போகாது; பிரஷ் வேண்டும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள். ஹீட்சிங்கைக் கழற்றி, காய்ந்த பேஸ்ட்டை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் நடுவில் வையுங்கள். திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

ரேம்: 8+8 ஜிபி, டிடிஆர்4. ஒரே 16 ஜிபி குச்சி போட்டால் பாதி அகலப் பாதைதான் கிடைக்கும். ஒரே நிறக் கிளிப் உள்ள இரண்டு ஸ்லாட்டில் போடுங்கள். 'டக்' சத்தம் இருபுறமும் கேட்க வேண்டும்.

எம்.2 என்விஎம்இ எஸ்எஸ்டி 500 ஜிபி போதும். சாய்த்துச் செருகி, படுக்கவைத்துத் திருகுங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 நாணய பேட்டரியையும் கையோடு மாற்றிவிடுங்கள். பல வருடம் ஓடிய பெட்டியில் அது சாகும் நிலையில்தான் இருக்கும்.

கடைசியாகக் கார்டு. மானிட்டர் ஒயரைக் கார்டின் பின்னால் செருகுங்கள், மதர்போர்டின் பின்னால் அல்ல.

4. பயாஸும் விண்டோஸும்

பயாஸுக்குள் போக, ஆன் செய்ததும் அழுத்த வேண்டிய பட்டன்: டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1. டெல் பெட்டிகளில் சாட்டா அமைப்பு (டிஸ்க் இணைப்பு முறை) 'ரெய்டு ஆன்' என்று இருக்கும். அப்படியே விட்டால் விண்டோஸ் நிறுவும்போது எஸ்எஸ்டி கண்ணில் படாமல் போகலாம். விண்டோஸ் போடும் முன்பே 'ஏஎச்சிஐ' ஆக்குங்கள். போட்ட பிறகு மாற்றினால் நீலத் திரையில் நிற்கும்.

டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் பயாஸில் ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 11-இல் வேலோரண்ட் கேம் இவை இல்லாமல் திறக்காது. விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், தனியாக வாங்க அவசரப்படாதீர்கள். வைஃபை இல்லாத பெட்டியென்றால் லேன் ஒயர் போடுங்கள். கவுன்டர்-ஸ்டிரைக் கேமின் சர்வர் ஜோகன்னஸ்பர்க்கிலேயே இருக்கிறது, ஒயர் வழியாக அங்கே விளையாடுவதே வேறு.

5. கரண்ட்

லோட் ஷெடிங் (அறிவித்துச் செய்யும் மின்வெட்டு) இல்லாத மாதங்களிலும் கரண்ட் போய்வருவது நமக்குப் புதிதல்ல. பொருளைக் கொல்வது பெரும்பாலும் கரண்ட் திரும்பும்போது எகிறும் மின்னழுத்தம்தான். பயாஸில் 'ஏசி ரிகவரி' என்பதை 'பவர் ஆஃப்' ஆக வையுங்கள். கரண்ட் வந்ததும் கணினி தானாகக் கிளம்பாது. ஆனால் ஆஃப் ஆன கணினிக்கும் சுவரிலிருந்து மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும். சர்ஜ் பாதுகாப்புப் பலகையும் வேண்டும். யுபிஎஸ் (கரண்ட் போனால் தாங்கும் பேட்டரிப் பெட்டி) வாங்குவதானால் விஏ எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைப் பாருங்கள். மானிட்டரோடு 250 வாட் தாங்கினால் போதும். சேமித்து மூடச் சில நிமிடம் கிடைக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

6. ஓடாவிட்டால்

டெல்லில் பட்டன் 2 முறை ஆரஞ்சு, 3 முறை வெள்ளை மின்னினால் ரேம் தெரியவில்லை என்று அர்த்தம். கழற்றி, தங்க விளிம்பைத் துடைத்து, ஒரு குச்சியை மட்டும் போட்டுப் பாருங்கள். ஃபேன் சுற்றியும் திரை கறுப்பாக இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டு வழியாகப் பாருங்கள். அதில் படம் வந்தால் கார்டு சரியாக உட்காரவில்லை, அல்லது கார்டே கெட்டது.

கேம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் வேகம் விழுந்தால் வெப்பம். ஐ5-8500 நூறு டிகிரியில் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். 85-க்குள் இருந்தால் கவலை வேண்டாம். தாண்டினால் பேஸ்ட்டை மறுபடி பாருங்கள், பெட்டிக்குப் பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள், கேம் அமைப்பில் ஃபிரேமை நொடிக்கு 60-இல் நிறுத்துங்கள். கேம் நடுவில் எச்சரிக்கையே இல்லாமல் பட்டென்று அணைந்தால் சந்தேகம் பவர் சப்ளை மேல். அதே மாடலுக்கான அதிக வாட் சப்ளை பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். வாங்கும் முன் இரண்டின் பின்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.