எச்ச எண்ணெய் வினையூக்கி: அரைத்துச் சோதிப்பது முதலான சில தவறுகள்

சென்ற மாதம் ஓர் ஆய்வு மாணவர் என் மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தார். இரண்டு வினையூக்கிகள்; ஒன்றின் கோடு மற்றதைவிட வெகு உயரத்தில் ஓடியது. "பத்தே நாளில் முடிவு தெரிந்துவிட்டது, சார்" என்றார். வினையூக்கியை உலையில் எப்படி நிரப்பினீர்கள் என்று கேட்டேன். "அரைத்து, சலித்து நிரப்பினேன்." பல ஆண்டுகளுக்கு முன் என் மேலாளரிடம் நான் சொன்ன அதே பதில். அன்றிரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

கச்சா எண்ணெயை வடித்தபின் கோபுரத்தின் அடியில் தங்கும் கறுப்புக் குழம்பான எச்ச எண்ணெயை உயர் அழுத்த ஹைட்ரஜனோடு சேர்த்து, கந்தகத்தையும் உலோகங்களையும் அகற்றி மதிப்புள்ள எண்ணெயாக மாற்றும் வேலையில் இருப்பவர்களுக்கு இது. வாயுக் கசிவைப் பார்ப்பது, வெப்பமானியைச் சரிபார்ப்பது போன்றவற்றைச் சொல்லப்போவதில்லை. அவற்றை ஆய்வகமே முதல் வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடும்.

வினையூக்கியை அரைத்துச் சோதிப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

வினையூக்கி ஆலைக்குள் போகும்போது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள உருளைகளாகப் போகிறது. அலுமினாத் தாங்கி, அதன் நுண்துளைச் சுவர்களில் மாலிப்டினமும், கூடவே கோபால்ட்டோ நிக்கலோ. எச்ச எண்ணெயில் வனேடியமும் நிக்கலும் பெரும்பாலும் அஸ்ஃபால்டீன், ரெசின் என்ற பெரிய மூலக்கூறுகளில் பிணைந்திருக்கின்றன. அஸ்ஃபால்டீன்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, சில நானோமீட்டர் அளவுக்கு வளர்ந்துவிடும். துளையின் விட்டமே எட்டுப் பத்து நானோமீட்டர்தான் என்றால் அந்தத் திரள் உள்ளே போவதே பெரும்பாடு. வாசலிலேயே வினை நடந்து, வனேடியம் சல்ஃபைடாக அங்கேயே படியும். நாளடைவில் துளையின் வாய் அடைபடும். உருளையின் நடுப்பகுதி கடைசி வரை வேலையே செய்யாமல் கிடக்கும்.

இப்போது அதே உருளையை அரைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே ஊடுருவ வேண்டிய தூரம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. குறுகிய துளைகள் கொண்ட வினையூக்கிக்குப் பரப்பளவு அதிகம். அதன் பலவீனம் மறைந்து, பலம் மட்டும் தெரியும். அகன்ற துளைகள் கொண்டது தோற்றுப்போகும். உலையின் முன்வரிசையில் நின்று உலோகத்தை வாங்கிக்கொள்ளத் தகுதியுள்ள வினையூக்கியைக் கழித்துக்கட்டி விடுவீர்கள்.

நான் செய்தது இதுதான். இரண்டு மாதிரிகளை அரைத்து, பத்து நாள் ஓட்டி, குறுகிய துளை கொண்டதைப் பரிந்துரைத்தேன். முன்னோட்ட ஆலையில் முழு உருளைகளோடு ஓட்டியபோது முதல் மாதம் எல்லாம் சரியாகவே இருந்தது. மூன்றாம் மாதத்தில் வெளியேறும் எண்ணெயில் வனேடியம் ஏறத் தொடங்கியது. அதைப் பிடித்துநிறுத்த வெப்பநிலையை உயர்த்தினோம், வினையூக்கியின் மேல் படியும் கரி அதிகமானது, மறுபடி உயர்த்தினோம். நிறுத்தித் திறந்து, ஓர் உருளையைக் குறுக்கே வெட்டி, பளபளக்கத் தேய்த்து, எலக்ட்ரான் நுண்ணாய்வுக் கருவியில் வைத்தார்கள். திரையில் வனேடியம் ஒரு மெல்லிய வளையமாக விளிம்பில் ஒளிர்ந்தது. நிக்கல் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. நடுவில் இருட்டு. ஓராண்டு உழைப்பையும் பீப்பாய் பீப்பாயாக எண்ணெயையும் செலவழித்து அந்த வளையத்தைப் பார்த்தோம்.

பத்து நாள் ஏன் போதாது என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு கன மீட்டர் வினையூக்கி மணிக்குக் கால் கன மீட்டர் எண்ணெயைக் கையாள்கிறது என்று வையுங்கள். நாளுக்கு 6 கன மீட்டர், ஏறக்குறைய 5.8 டன். அதில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) உலோகம் இருந்து, முக்கால் பங்கு பிடிபட்டால் நாளுக்கு 430 கிராம் படியும். 330 நாளில் 140 கிலோவைத் தாண்டும். ஒரு கன மீட்டர் புதிய வினையூக்கியின் எடை 600 கிலோ என்றால், அதன் எடையில் கிட்டத்தட்டக் கால் பங்கு உலோகத்தை அது விழுங்கியாக வேண்டும். பத்தாம் நாளில் நான்கு கிலோ மட்டுமே உள்ளே போயிருக்கிறது. பசியே வராதவனைப் பார்த்து அவன் எவ்வளவு சாப்பிடுவான் என்று முடிவுகட்டலாமா?

சிறிய உலையில் முழு உருளைகளை நிரப்பினால் எண்ணெய் சுவரோரமாக வழிந்துவிடும் என்று மாணவர் வாதிட்டார். உண்மைதான். உருளைகளுக்கு இடையே நுண்ணிய சிலிக்கான் கார்பைடுத் தூளை நிரப்புங்கள். அந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும். அரைப்பதற்கும் ஒரு நியாயமான சந்தர்ப்பம் உண்டு: முழு உருளை, அரைத்தது இரண்டையும் ஓட்டி, வேக வித்தியாசத்திலிருந்து உருளையின் எத்தனை பங்கு உண்மையில் வேலை செய்கிறது என்று கணிப்பது. அரைத்ததை மட்டும் ஓட்டி ஒரு தீர்ப்பும் எழுதாதீர்கள்.

முதல் வாரச் சரிவைக் கண்டு பதறுவது

வினையூக்கியின் வேகம் அப்போது குறைவது கரியால். தொடக்க நாட்களில் வேகமாகப் படிந்து, பிறகு ஏறக்குறைய நிலைபெறும். ஓடவிடுங்கள்.

கந்தகமேற்றும் முன் சூட்டை ஏற்றுவது

வினையூக்கி ஆக்சைடாக வருகிறது. சல்ஃபைடானால்தான் வேலை செய்யும். ஹைட்ரஜன் சல்ஃபைடு உலையின் மறுமுனையில் தலைகாட்டும் முன்னே 230 டிகிரியைத் தாண்டினால், ஹைட்ரஜன் மாலிப்டினம் ஆக்சைடை ஒடுக்கிவிடும். அப்படி ஒடுங்கியது பிறகு எளிதில் சல்ஃபைடாகாது; அந்த இழப்பை மீட்பது மிகக் கடினம். அவசரப்படுபவர்களுக்கு உலையிலிருந்து வருவதை வாயு, எண்ணெய், நீர் என்று பிரிக்கும் பிரிகலனைக் காட்டுவேன். ஒவ்வொரு மாலிப்டினம் அணுவும் சல்ஃபைடாகும்போது மூன்று நீர் மூலக்கூறுகளை விடுகிறது. அடியில் சேரும் நீரை மணிக்கு மணி அளந்து எழுதிவந்தால், வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று ஓரளவு தெரியும்.

ஓர் எண்ணெய்க்குத் தேர்ந்ததை இன்னொன்றுக்குப் போடுவது

குவைத் எச்சத்தின் பெரிய சிக்கல் கந்தகம், சுமார் 4 சதவீதம். அதன் உலோகம் நூறு பிபிஎம்மை ஒட்டியே இருக்கும். வெனிசுவேலாவின் போஸ்கான் கச்சா எண்ணெயில் வனேடியம் மட்டுமே ஆயிரம் பிபிஎம்முக்கு மேல். மேலே போட்ட கணக்கைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள். வினையூக்கி அசையாமல் கிடக்கும் நிலைத்த படுகையே அங்கே தாங்காது; ஓடிக்கொண்டிருக்கும்போதே வினையூக்கியை மாற்றும் கொதிபடுகை போன்ற முறைகளைத்தான் நாட வேண்டும்.

குழாயை நாஃப்தாவால் கழுவுவது

அஸ்ஃபால்டீன் வீழ்படிவாகி அடைத்துக்கொள்ளும். டொலுவீனால் கழுவுங்கள்.

இறக்கும்போது அடுக்கைக் குறிக்காமல் விடுவது

ஓடி முடித்த வினையூக்கி காற்றுப்பட்டால் தானே சூடேறித் தீப்பற்றும். நைட்ரஜனின் கீழ்தான் இறக்க வேண்டும். அந்தப் பரபரப்பில் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டிவிடுகிறார்கள். மேலடுக்கு உருளையில் வனேடியம் எவ்வளவு, அடியடுக்கில் எவ்வளவு என்பதைப் பிறகு எந்தக் கருவியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அடுக்குக்கு ஒன்றாக ஆறு புட்டிகள், ஆறு சீட்டுகள். நிரப்பும் நாளிலேயே எழுதி ஒட்டி வையுங்கள். அந்த மாணவரின் புதிய ஓட்டம் முழு உருளைகளோடு சென்ற திங்கட்கிழமை தொடங்கியிருக்கிறது. புட்டிகள் உலைக்குப் பக்கத்து அலமாரியில் வரிசையாக நிற்கின்றன.