கருப்பட்டி காய்ச்சுகிறவர்கள் அடுப்பு பற்றவைக்கும் முன்

எங்கள் செம்மணல் தேரிக்காட்டில் மாசி பிறந்தால், கருப்பட்டி காய்ச்சும் குடிசைகளான விடிலிகளில் புகை எழும்பும். வீட்டில் காய்ச்சிப் பார்க்க நினைக்கிறவர்களுக்குப் பத்து லிட்டர் பதநீர் போதும். கருப்பட்டி ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே தேறும்.

காலையில் இறக்கியதை அன்று காலையே காய்ச்ச வேண்டும். கலயத்துக்குள் பூசும் சுண்ணாம்புதான் பதநீரைப் புளிக்கவிடாமல் காக்கிறது. அது போதாவிட்டாலும் நேரம் கடந்தாலும் பதநீர் கள்ளாகத் தொடங்கிவிடும். புளித்துவிட்டால் அதிலுள்ள சர்க்கரை உடைந்துபோகும். எவ்வளவு காய்ச்சினாலும் கட்டி பிடிக்காது. வாங்கும் இடத்திலேயே ஒரு வாய் குடித்துப் பாருங்கள், புளிப்பு தட்டினால் வேண்டாம். வீட்டில் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கியதும், தெளிவை மட்டும் வடிகட்டுங்கள்.

அடுப்பு பற்றவைக்கும் முன்பே எல்லாம் கைக்கெட்ட இருக்க வேண்டும்: நீளக் காம்புத் துடுப்பு, ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர், தண்ணீரில் ஊறிய தேங்காய்ச் சிரட்டைகள், பிடிதுணி, சுக்குப்பொடி. பாத்திரம் பதநீரைப் போல இரண்டு மடங்கு கொள்ள வேண்டும். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுங்கள். பாகு மேலே பட்டால் ஒட்டிக்கொண்டு வேகவைக்கும்.

முதலில் நுரை பொங்கும். விடிலியில் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவார்கள். பச்சை முத்தில் நஞ்சு உண்டு என்பதால் வீட்டில் வேண்டாம், இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். நுரை அடங்கியபின் நெடுநேரம் ஒன்றும் நடக்காது. இங்கேதான் ஆட்கள் போனை எடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

கொப்புளம் சிறுத்து, பாகு நிறம் கறுத்து, துடுப்பு கனக்கும். அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, “ஏட்டி, இனிமே கண்ண எடுக்காத” என்பாள். தீயைக் குறைத்துவிட்டு, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கரைந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. விரலில் உருண்டால் உடனே இறக்க வேண்டும், தாமதித்தால் கசப்பேறும். சுக்குப்பொடி தூவி, ஓரத்தில் மணல்போல் பூக்கும்வரை கிண்டி, சிரட்டைகளில் ஊற்றுங்கள். அந்த நேரம் சிரட்டை தேடி எழுந்தால் பாத்திரத்திலேயே இறுகிவிடும்.

ஆறியதும் கவிழ்த்துத் தட்டினால் கழன்று விழும். ஈரம் படாத இடத்தில் வையுங்கள், மழைக்காலத்தில் சீக்கிரம் கசியும். இறுகாமல் போனதைக் கொட்டிவிடாதீர்கள், கூப்பனியாக, அதாவது கெட்டிப் பாகாக, தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம்.