வைஃபை டிரைவரில் பைட் வரிசை: இன்டெல்லில் ஓடுவது மிப்ஸில் ஏன் முடங்குகிறது?

இன்டெல் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடும் லினக்ஸ் வைஃபை டிரைவர், பெருமதிப்பு பைட்டை முன்னால் வைக்கும் (பிக் எண்டியன்) மிப்ஸ் சிப் உள்ள பழைய ரௌட்டரில் ஒரு நெட்வொர்க்கைக்கூடக் காட்டாமல் போகலாம். தவறு முன்பே கோடில் இருந்திருக்கும். இன்டெல் அதற்கு நேர்மாறான லிட்டில் எண்டியன், வைஃபைக்கான 802.11 தரமும் தன் ஃபிரேம் புலங்களைச் சிறுமதிப்பு பைட் முன்னால் வரும்படிதான் அனுப்புகிறது. இரண்டும் ஒத்துப்போவதால், பைட் வரிசையைத் திருப்ப மறந்த இடங்கள் வெளியே தெரிவதில்லை.

படி 1: ஒரு ஃபிரேமைக் கையால் படியுங்கள்

ரௌட்டர் தன் இருப்பை அறிவிக்க அவ்வப்போது அனுப்பும் பீக்கன் ஃபிரேமின் முதல் இரண்டு பைட்டுகள், ஹெக்ஸில், 80, 00. சரியாகப் படித்தால் 0080, அதாவது பீக்கன். பிக் எண்டியன் சிபியு அப்படியே எடுத்தால் 8000. வகை, துணைவகை பிட்டுகள் பூஜ்யமாகிவிடுவதால் அது ‘அசோசியேஷன் ரிக்வெஸ்ட்’ (இணைப்புக் கோரிக்கை) ஆகிவிடும்! பீக்கன் இடைவெளி வழக்கமாக 100 டியு (டைம் யூனிட்; மொத்தம் 102.4 மில்லிவினாடி), பைட்டுகள் 64, 00. மாற்றிப் படித்தால் 25,600 டியு, 26 வினாடிக்கும் மேல். லாகில் இப்படி 256 மடங்கு பிசகிய எண் தென்பட்டால் வேறெங்கும் தேட வேண்டாம்.

படி 2: வகையைச் சரியாக அறிவியுங்கள்

காற்றில் வரும் புலத்துக்கு யு16 (சாதாரண 16 பிட் எண்) போடாதீர்கள், __எல்இ16 (லிட்டில் எண்டியன் என்று குறித்த 16 பிட் எண்) போடுங்கள். நினைவகத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் இந்த ஒரு சொல்லை நம்பித்தான் படி 5 வேலை செய்கிறது.

படி 3: பயன்படுத்தும் இடத்தில் திருப்புங்கள்

எண்ணாகக் கணக்கிட வேண்டுமென்றால் எல்இ16_டு_சிபியு. வெறும் ஒப்பீடு என்றால் மாறியைத் தொடாமல், மாறிலியைச் சிபியு_டு_எல்இ16 வழியாக மாற்றுங்கள். அது தொகுக்கும்போதே முடிந்துவிடும், ஓடும்போது செலவில்லை. ஒற்றைப்படை முகவரியில் தொடங்கக்கூடிய புலங்களுக்கு கெட்_அன்அலைன்ட்_எல்இ16.

படி 4: ரெஜிஸ்டர் வேறு, ரேம் வேறு

தொடக்கக்காரர்கள் அதிகம் இடறும் இடம் இது. பிசிஐ கார்டின் ரெஜிஸ்டரை (கார்டுக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) கர்னலின் ரீட்எல் கொண்டு படித்தால், தேவையான திருப்பலை அதுவே செய்துவிடும். அதன் மேல் எல்இ32_டு_சிபியு போட்டால் இரண்டு முறை திரும்பி, பழையபடி தவறான மதிப்பே கிடைக்கும். இன்டெல்லில் இரண்டுமே ஒன்றும் செய்யாத செயல்கள் என்பதால் அங்கே சோதித்துப் பயனில்லை. டிஎம்ஏ டிஸ்கிரிப்டர்கள் (கார்டு தானே நேராக ரேமில் படிக்கும் குறிப்புகள்) கதை நேர் எதிர். அவை ரேமில் இருக்கின்றன, யாரும் திருப்பித் தர மாட்டார்கள். அங்கே __எல்இ32 வகையும் மாற்றமும் உங்கள் பொறுப்பு.

சி மொழியின் பிட்ஃபீல்டுகளை வன்பொருளோடு பகிரும் ஸ்ட்ரக்டுகளில் தவிர்த்துவிடுங்கள். பிட்டுகளின் வரிசை கட்டமைப்புக்குக் கட்டமைப்பு மாறும். மாஸ்க், ஷிஃப்ட் போதும்.

படி 5: ஸ்பார்ஸை ஓடவிடுங்கள்

லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய சோதனைக் கருவி இது. மேக் கட்டளையோடு சி=1 சேர்த்தால் புதிதாகத் தொகுக்கப்படும் கோப்புகளை மட்டும் பார்க்கும்; சி=2 தந்தால் எல்லாவற்றையும். ‘ரெஸ்ட்ரிக்டட் __எல்இ16’ என்று எச்சரித்தால், திருப்பாத மதிப்பை எங்கோ சாதாரண எண்ணாகப் பாவித்திருக்கிறீர்கள். __ஃபோர்ஸ் போட்டு அதன் வாயை அடைக்கப் பலருக்கும் கை துறுதுறுக்கும். அந்த வரியை முதலில் புரிந்துகொள்ளுங்கள்.

படி 6: விதிவிலக்கைக் குறித்துக்கொள்ளுங்கள்

802.11 தலைப்பு முடிந்து, அதற்கடுத்த ஸ்நாப் தலைப்பில் வரும் ஈதர்டைப் (உள்ளே எந்த நெறிமுறை என்று சொல்லும் எண்) பிக் எண்டியன். ஐபிவி4க்கு அது 0800. பைட்டுகளும் 08, 00 என்றே வரும். டபிள்யூபிஏ (வைஃபை பாதுகாப்பு) கைகுலுக்கலில் சாவிகளைப் பரிமாற வரும் ஈஏபிஓஎல் செய்தியின் நீளப் புலங்களும் அப்படித்தான். இவற்றுக்குப் பிக் எண்டியன் வகையான __பிஇ16, பிஇ16_டு_சிபியு. ஒரே பாக்கெட்டுக்குள் இரண்டு வரிசையும் இருப்பதால், ஸ்ட்ரக்டை எழுதும்போது புலம் புலமாகத் தரத்தைப் பார்த்தே வகை போடுங்கள்.