வீட்டு வீசிங்குக்கு ஒரு வம்சாவளிப் படம் போடுவது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் நிறக்குருடுக்கும் ஹீமோபிலியாவுக்கும் வம்சாவளிப் படம் வரையச் சொல்வார்கள். தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்கு என்று ஒழுங்காகப் போகும் நோய்கள் அவை. கோவைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அந்தப் பாடத்தை நடத்தித்தான் நான் ஓய்வு பெற்றேன். அதே முறையில் எங்கள் வீட்டு வீசிங்குக்குப் படம் போட்டால் கோடு எங்கேயும் நேராகப் போகவில்லை. தாத்தாவுக்கு இளைப்பு, அப்பாவுக்கு ஒன்றுமில்லை, அத்தைக்கு வெறும் தும்மல், எனக்கு இன்ஹேலர், பேத்திக்கு முழங்கை மடிப்பில் கரப்பான், அதாவது எக்ஸிமா.

அப்படியும் இந்தப் படம் வீட்டில் இருப்பது நல்லது. குழந்தையை முதல் தடவை டாக்டரிடம் கூட்டிப்போகும்போது, "வீட்டில் யாருக்காவது அலர்ஜி உண்டா?" என்று கேட்பார். "அப்படி யாருக்கும் இல்லையே" என்று நம் வாயில் வந்துவிடும். பெரும்பாலும் அந்தப் பதில் தப்பு.

ஒரு சார்ட் பேப்பர், பென்சில், ரப்பர் போதும். பேனா வேண்டாம், நிறைய அழிக்க வேண்டியிருக்கும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர் என்றால் குறுக்கே ஒரு சாய்கோடு. கணவன் மனைவிக்கு நடுவே ஒரு கோடு; மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. எந்தக் குழந்தைக்காகப் போடுகிறோமோ அதற்கு ஓர் அம்புக்குறி. மூன்று தலைமுறை இருந்தால் நல்லது. ஒவ்வொரு வட்டத்தையும் சதுரத்தையும் நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேல் இடது கால்பகுதி மூச்சுக்கு, மேல் வலது மூக்குக்கும் கண்ணுக்கும், கீழ் இடது தோலுக்கு, கீழ் வலது சாப்பாட்டுக்கும் மருந்துக்கும். யாருக்கு எது உண்டோ அந்தக் கால்பகுதியை மட்டும் நிழலடியுங்கள். தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். வெறுமனே விட்டுவிட்டால் "இல்லை" என்று அர்த்தமாகிவிடும்.

கேட்பதுதான் கஷ்டம். "உங்களுக்கு ஆஸ்துமா இருக்கா?" என்று பெரியவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள், மீதிப் பேருக்குக் கோபம் வரும். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் இன்ஹேலரை அலமாரிக்குள் ஒளித்து வைத்து வளர்ந்த தலைமுறை அது. அதனால் நோயின் பெயரைச் சொல்லாமல் சுற்றி வளைத்துக் கேளுங்கள். மார்கழியில் கோலம் போட வாசலுக்கு வர முடியுமா? ஒட்டடை அடித்தால் அன்றைக்கு முழுக்கத் தும்மலா? ஈஸ்னோபீலியா என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்களா? உடம்பெல்லாம் திடீரென்று காணாக்கடி தடிப்பு வந்து மறைந்ததுண்டா? வலி மாத்திரை போட்ட பிறகு மூச்சு முட்டியதா? இந்தக் கடைசிக் கேள்வியை விடாதீர்கள். ஆஸ்பிரின் வகை மாத்திரை சிலருக்குக் கடுமையான இளைப்பைக் கிளப்பும், அது டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். எங்கள் வீட்டில் நன்றாக வேலை செய்த கேள்வி வேறு: "ஜூன் மாதம் ஹைதராபாத்துக்கு மீன் மருந்து விழுங்கப் போனது நம்ம சொந்தத்துல யாரு?" ஆஸ்துமாவுக்கென்று உயிர்மீனோடு விழுங்கத் தரும் மருந்து அது. கேட்டதும் இரண்டு பெரியப்பாக்களின் பெயர் வந்து விழுந்தது.

மருமகள் பக்கத்தைக் கேட்கும்போது உங்கள் பக்கத்தை முதலில் போட்டுக் காட்டிவிட்டுக் கேளுங்கள். "யார் பக்கத்திலிருந்து வந்தது" என்ற பேச்சுக்கு இந்தக் காகிதம் பயன்படக் கூடாது. பெரும்பாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்திருக்கும்.

அடுத்தது, நான் அடம்பிடிக்கும் விஷயம். ஒவ்வொருவர் பக்கத்திலும் மூன்று குறிப்பு எழுதுங்கள்: எந்த வயதில் தொடங்கியது, அப்போது எந்த ஊர், சுற்றிலும் என்ன புகை அல்லது தூசி. இவை இல்லாவிட்டால் அது பாதிப் படம்தான். எங்கள் படத்தில் இப்படி இருக்கிறது:

அம்மாவின் அப்பா. தொடக்கம் 40 வயதுக்கு மேல். பஞ்சாலை, பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவு. வார லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சு இறுகும். பீடி உண்டு.

சித்தி. 5 வயதில் இளைப்பு, வயதுக்கு வந்த பிறகு போய்விட்டது, குழந்தை பிறந்தபின் திரும்ப வந்தது. விறகடுப்பு.

தம்பி. 8 வயதிலிருந்து தும்மல், கண் அரிப்பு. பார்த்தீனியம் மண்டிய காலி மனைப் பக்கம் போனால் அதிகம்.

இதை எழுதியபின் அந்தத் தாத்தாவின் மூச்சுக் கால்பகுதியில் இருந்த நிழலை அழித்துவிட்டேன். லீவு முடிந்த முதல் நாளில் நெஞ்சு இறுகுவது பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ் என்ற தொழில் நோயின் அடையாளம். அதற்கு மேல் பீடி வேறு. பேத்தியின் கரப்பானையும் அவருடைய மூச்சுத்திணறலையும் ஒரே கோட்டில் இணைத்தால் கணக்கு தப்பாகிவிடும். சித்தியை அப்படி அழிக்க முடியாது. சின்ன வயதில் வந்து போனதும் கணக்கில் சேரும். ஆஸ்துமா சிறுவயதில் ஆண் பிள்ளைகளுக்கு அதிகமாகவும், பருவ வயதுக்குப் பின் பெண்களுக்கு அதிகமாகவும் இருப்பது உலகமெங்கும் காணப்படுவதுதான்.

தொடங்கிய வயதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், மரபணு அதிகமாகப் பேசுவது குழந்தையிலேயே தொடங்கும் ஆஸ்துமாவில்தான். 2007-இல் 17-ஆவது குரோமோசோமில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். ஓஆர்எம்டிஎல்-3 என்ற மரபணு இருக்கும் பகுதி அது. அங்கே உள்ள வேறுபாடு குழந்தைப் பருவ ஆஸ்துமாவோடுதான் நெருக்கமாக ஒட்டுகிறது. அந்த வேறுபாடு அபூர்வமானதும் அல்ல, ஏராளமான பேரிடம் இருக்கிறது, அவர்களில் பெரும்பாலோர் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் இன்னொன்று தெரிந்தது. சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸ் தொற்றோடு சின்ன வயதிலேயே வீசிங் வந்த குழந்தைகளிடமும், வீட்டில் சிகரெட் புகைக்கு ஆளான குழந்தைகளிடமும்தான் அதன் வேலை தெளிவாகத் தெரிந்தது. அதாவது மரபணுவுக்கு ஒரு கூட்டாளி தேவைப்பட்டது. 2018-இல் 1,42,000 பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்த ஆய்வில் மரபணுத் தொகுதியில் 18 இடங்கள் தேறின, அதற்குப் பிறகு எண்ணிக்கை இன்னும் கூடிவிட்டது. ஒவ்வொன்றின் பங்கும் சின்னது. எங்கள் வீட்டுக் கோடு நேராகப் போகாததற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கூட்டத்தில் கொஞ்சம் பலமான மரபணு ஒன்று உண்டு, பிலாக்ரின். தோலின் மேலடுக்கை இறுக்கமாக, ஈரமாக வைத்திருக்க உதவும் புரதம் அது. 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகக் குழு, ஐரோப்பியரில் பத்தில் ஒருவர் அளவுக்கு இந்த மரபணுவின் பழுதான பிரதி ஒன்றைச் சுமப்பதையும், அவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதையும் காட்டியது. இவர்களுக்கு ஆஸ்துமா வந்தால் பெரும்பாலும் அதற்கு முன் கரப்பான் வந்திருக்கும். ஓட்டைத் தோல் வழியாகத் தூசுப்பூச்சியும் உணவுப் புரதமும் உள்ளே போய் உடம்பை அலர்ஜிக்குப் பழக்கிவிடுகின்றன என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அதனால் படத்தில் தோல் கால்பகுதியை அலட்சியம் செய்யாதீர்கள். வருடம் முழுக்க வறண்டு செதில் உதிரும் கால்கள், உள்ளங்கையில் வழக்கத்தைவிட நெருக்கமாக ஓடும் ரேகைகள், இரண்டும் ஒருவரிடம் இருந்தால் எழுதுங்கள். ஜோசியருக்கு அல்ல, தோல் டாக்டருக்கு.

ஊரையும் தூசியையும் ஏன் எழுதச் சொல்கிறேன் என்பதற்கு எனக்குப் பிடித்த ஆதாரம் அமெரிக்காவில் இருக்கிறது. இண்டியானாவின் அமிஷ் மக்களும் தெற்கு டகோட்டாவின் ஹட்டரைட் மக்களும் ஐரோப்பாவிலிருந்து போனவர்கள். மரபணு அளவில் மிக நெருக்கம், இரு சாராருக்கும் விவசாயம்தான் தொழில், சாப்பாடும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் அமிஷ் பிள்ளைகளில் சுமார் 5 சதவீதத்துக்குத்தான் ஆஸ்துமா, ஹட்டரைட்டுகளில் சுமார் 21 சதவீதம். அமிஷ்காரர்கள் வீட்டை ஒட்டியே மாடும் குதிரையும் வைத்துப் பழைய முறையில் வாழ்கிறார்கள். ஹட்டரைட்டுகளின் பண்ணை பெரிய இயந்திரப் பண்ணை, குழந்தைகள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. 2016-இல் வெளியான ஆய்வில் அமிஷ் வீட்டுத் தூசியில் எண்டோடாக்ஸின், அதாவது பாக்டீரியாவின் மேலுறைப் பொருள், ஏழு மடங்கு அளவுக்கு அதிகமாக இருந்தது. அந்தத் தூசியை எலிகளின் மூக்கில் விட்டபோது அவை ஆஸ்துமாவிலிருந்து தப்பின.

இதைப் படித்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். என் தாத்தாவின் பஞ்சாலைத் தூசியில் நுரையீரலைக் கெடுத்ததில் பெரும் பங்கு இதே எண்டோடாக்ஸினுக்குத்தான். எந்த வயதில், எவ்வளவு, எதோடு சேர்ந்து என்பதைப் பொறுத்து அதுவே காக்கும், அதுவே கெடுக்கும். ஏற்கெனவே வீசிங் உள்ள பிள்ளைக்கு எந்தத் தூசியும் மருந்தாகாது.

வேர்க்கடலை விஷயமும் இப்படித்தான். லண்டனில் வளரும் யூதக் குழந்தைகளுக்கு வேர்க்கடலை அலர்ஜி, இஸ்ரேலில் வளரும் யூதக் குழந்தைகளைவிடப் பத்து மடங்கு இருந்தது. வம்சம் ஒன்று, ஆனால் இஸ்ரேலில் கைக்குழந்தையிலேயே கடலைத் தின்பண்டம் கொடுத்துவிடுகிறார்கள். இதைச் சோதிக்க லண்டனில் அலர்ஜி வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். 2015-இல் முடிவு வந்தது: கடலையைத் தவிர்த்தவர்களில் 17 சதவீதத்துக்கு ஐந்து வயதில் அலர்ஜி, சீக்கிரமே சாப்பிட்டவர்களில் 3 சதவீதத்துக்குத்தான்.

சரி, படம் முடிந்தது, எப்படிப் படிப்பது? முதலில் அம்புக்குறிக் குழந்தையின் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களைப் பாருங்கள். தூரத்துப் பெரியப்பாவைவிட இவர்கள் முக்கியம். இரண்டு பெற்றோருக்கும் நிழல் இருந்தால் வாய்ப்பு கூடுதல், ஆனாலும் உறுதி இல்லை. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரிலேயே ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதுண்டு. குழந்தைக்குத் தோல் கால்பகுதியில் நிழல் இருந்து, வீட்டில் மூச்சு நிழலும் இருந்தால், சளி பிடிக்கும்போதெல்லாம் வீசிங் வருகிறதா என்று கவனியுங்கள்.

இரட்டைக் கோடு இருக்கும் வீட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சொந்தத்தில் கட்டியதால் ஆஸ்துமா வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்துமா வேஷம் போட்டு வரும் சில அபூர்வ நோய்கள், அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஒரே மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் வெளிப்படும். சளி கெட்டியாகி நுரையீரலை அடைக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஒன்று, மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் அசையாமல் போகும் நோய் ஒன்று. எப்போதும் சளியோடு இருக்கும் இருமல், திரும்பத் திரும்ப நிமோனியா, எடை ஏறாத உடம்பு, இவை இருந்தால் இரட்டைக் கோட்டை விரலால் தொட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

"எங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் வராது" என்று சொல்லும் சொந்தக்காரரை நம்பிப் படத்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அமெரிக்காவில் ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி வழியினர்) என்று ஒரே பெயரில் அடைக்கப்படும் கூட்டத்துக்குள்ளேயே ஆஸ்துமா மிக அதிகமுள்ள போர்ட்டோ ரிக்கோ வம்சத்தவரும் மிகக் குறைவான மெக்சிகோ வம்சத்தவரும் சேர்ந்து இருக்கிறார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து வேலை செய்யும் அளவுகூட அவர்களுக்குள் வேறுபடுகிறது. கூட்டத்தின் பெயர் இவ்வளவுதான் உதவும்.

எச்சிலை அனுப்பினால் ஆஸ்துமா ரிஸ்க் சொல்கிறோம் என்று வரும் மரபணு டெஸ்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அவற்றின் கணக்கு பெரும்பாலும் ஐரோப்பியரை வைத்துப் போட்டது. பிலாக்ரினில் ஐரோப்பியரிடம் அடிக்கடி காணும் மாற்றங்கள் வேறு, ஜப்பானியரிடம் காண்பவை வேறு. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக் குழந்தைக்கு நம்பர் சொன்னால் நான் நம்ப மாட்டேன். மரபணு ஆராய்ச்சியின் பலன் மருந்தில்தான் முதலில் தெரிகிறது. ஆஸ்துமா வேறுபாடுகள் காணப்பட்ட இடங்களில் ஒன்றான டிஎஸ்எல்பி என்ற மூலக்கூறைத் தடுக்கும் டெசெபெலுமாப் ஊசிக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கடுமையான ஆஸ்துமாவுக்கு அது.

படத்தை வைத்து நீங்கள் செய்யக்கூடியவை சாதாரணமானவை. நிழல் நிறைந்த வீட்டில் பிறந்த குழந்தையின் அறையில் சிகரெட், கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி மூன்றும் கூடாது. பாட்டி கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. கரப்பான் வந்துவிட்டால் டாக்டர் சொன்ன கிரீமை விடாமல் தடவுங்கள். ஆனால் வருமுன்பே தினமும் தடவினால் வராது என்ற ஆசை பிரிட்டனில் 2020-இல் வெளியான பெரிய ஆய்வில் நிறைவேறவில்லை. கடலை, முட்டை இரண்டையும் பயந்து தள்ளிப் போடாதீர்கள். கடுமையான கரப்பான் இருந்தால் மட்டும் முதலில் டாக்டரைக் கேளுங்கள். கடலையை முழுசாகக் கொடுக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும், விழுதாக அரைத்துக் கொடுங்கள். படத்தில் யாருக்கு நிழல் இல்லை என்பதைப் பார்த்து யாருடைய இன்ஹேலரையும் நிறுத்திவிடாதீர்கள்.

எதற்கு அலர்ஜி என்று பார்க்கும் ஸ்கின் டெஸ்டுக்குப் போகிறீர்கள் என்றால், தும்மல் மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நிறுத்தாமல் போனால் டெஸ்ட் சரியாகக் காட்டாமல் போகலாம். படத்தைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு, சார்ட்டின் ஒரு பிரதியைத் தம்பி தங்கை வீட்டுக்கும் கொடுங்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வயதும் ஊரும் எழுத வலது ஓரத்தில் ஒரு சாண் இடம் விட்டிருக்க வேண்டும்.