குடியேற்ற மனு நிலுவையில் இருக்கும்போது அமெரிக்காவிலுள்ள கணவரைப் பார்த்துவருவது எப்படி?

கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ திருமணத்தை முடித்து, மனைவிக்கான குடியேற்ற மனுவான ஐ-130-ஐயும் தாக்கல் செய்துவிட்டு, விடுப்பு தீர்ந்த கணவர் அமெரிக்கா திரும்பிய பிறகு, மனைவியின் காத்திருப்பு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. இடையில் ஒருமுறை போய்ப் பார்த்துவரச் சட்டத்தில் தடையில்லை. பி-2 சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, அந்த விசாவைக் கேட்பவர் அங்கேயே தங்கிவிட எண்ணுபவர் என்றே தொடக்கத்தில் கருதுகிறது. அப்படியல்ல என்று காட்டவேண்டியவர் நீங்கள். நிலுவையிலுள்ள மனுவோ உங்களுக்கு எதிர்ச்சாட்சியாக நிற்கிறது.

விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தில், உங்களுக்காக யாரேனும் குடியேற்ற மனு தாக்கல் செய்திருக்கிறார்களா என்ற கேள்வி வரும். 'இல்லை என்று போட்டுவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது' என்று சொல்லும் ஏஜென்ட்டிடமிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள். மனுவின் விவரம் அமெரிக்க அரசின் பதிவேட்டிலேயே இருக்கிறது. உண்மையைச் சொல்லி 214(பி)-யின் கீழ் விசா மறுக்கப்பட்டால், அது பின்னால் வரும் குடியேற்ற விசாவைக் கெடுப்பதில்லை. பொய் சொன்னதாக முடிவானாலோ, வாழ்நாள் முழுவதும் நுழையத் தடை வரக்கூடும். படிவத்தை வேறொருவர் நிரப்பியிருந்தால் அதையும் அதிலேயே குறிப்பிட வேண்டும்; பதில்களுக்குப் பொறுப்பு உங்களுடையதே.

நேர்காணல் சென்னையில், அண்ணா மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நடக்கும். கைரேகைப் பதிவு அதற்கு முன் தனியாக நடக்கும். தமிழிலேயே பேசலாம். கோப்பு நிறையப் பத்திரங்களைக் கொண்டுபோனாலும் அதிகாரி அவற்றைப் பார்க்காமலே முடிவெடுக்கக்கூடும் என்பதால், வாய்ச்சொல்லில் தெளிவு வேண்டும். மாமனார் பெயரிலுள்ள மாந்தோப்பின் பட்டா, நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்குப் பெரிய சான்றாகாது. ஓசூர்த் தொழிற்சாலையில் வேலை செய்பவர், மூன்று வார விடுப்புக்கு நிர்வாகம் தந்த கடிதத்தை வைத்துக்கொண்டு, 'மனு நிலுவையில் இருக்கிறது, அது முடியும்போது முறைப்படி குடியேறுவேன், இப்போது இந்தத் தேதியில் போய் இந்தத் தேதியில் திரும்புகிறேன்' என்று சொல்வது அதைவிட வலுவானது. அரசுப் பணியாளர்கள் தடையின்மைச் சான்றை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். வேலை இல்லாத, அண்மையில் மணமான பெண்ணுக்கு மறுப்பு வர வாய்ப்பு அதிகம். கட்டணம் திரும்பக் கிடைக்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

விசா கிடைத்தாலும், எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்து அதிகாரியே முடிவு செய்வார். மூலச் சான்றிதழ்களையும் வீட்டுச் சாமான்களையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு போனால் குடியேற வந்தவராகத்தான் தோன்றும். வழக்கமாக ஆறு மாதம் அனுமதித்தாலும், சொன்ன தேதியில் திரும்பிவிடுங்கள். அனுமதிக் காலத்தைத் தாண்டி 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று ஆண்டும், ஓர் ஆண்டோ அதற்கு மேலோ ஆனால் பத்து ஆண்டும் மீண்டும் நுழைய முடியாது.

என்னைக் கேட்டால், கணவர் இங்கே வருவதுதான் பலருக்கும் எளிய வழி. கிருஷ்ணகிரிக்குச் சென்னையைவிடப் பெங்களூரு விமான நிலையமே பக்கம். கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஒரே மூச்சில் ஆறு மாதத்தைத் தாண்டாமல் திரும்புவது, பிற்பாடு குடியுரிமை கேட்கும்போது நல்லது. அவர் வந்து போகும் ஒவ்வொரு முறையும் பயணச்சீட்டு, போர்டிங் பாஸ், குடும்பத்தோடு எடுத்த படங்கள் ஆகியவற்றைத் தேதிவாரியாகச் சேர்த்துவையுங்கள். திருமணம் உண்மையானது என்று காட்ட அவை மனுவுக்கும், பின்னர் நடக்கும் குடியேற்ற விசா நேர்காணலுக்கும் உதவும். பதிவு செய்யாத திருமணமானால் முதலில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள்: தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள்ளும், கூடுதல் கட்டணத்துடன் 150 நாளுக்குள்ளும் பதிய வேண்டும். கணவர் ஊரில் இருக்கும்போதே அதை முடித்துவிட்டால், பிறகு அதற்காகவே அவர் ஒருமுறை பறந்து வர வேண்டியிராது.