பழைய பாணி பேஸ் கிதாருக்குப் புதிய பிக்கப்: பணம் வீணாகும் இடங்கள்

நண்பர் ஒருவர் தன் பேஸ் கிதாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். 1980களில் ஜப்பானில் செய்தது, ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸின் அச்சு அசல் நகல். ஒலி மெலிந்துவிட்டது, காந்தம் செத்துப்போயிருக்க வேண்டும், நல்ல பிக்கப்பாக ஒன்று சொல்லுங்கள் என்றார். தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தமும் கம்பிச் சுருளும்தான் பிக்கப். பிக்கப்பைப் பிடித்திருந்த நான்கு திருகுகளைக் கழற்றி மெல்லத் தூக்கினேன். அடியில் கறுப்பாகப் பொடி. ஒரு காலத்தில் அது ஸ்பாஞ்சு. பிக்கப்பைக் கீழிருந்து தந்தியை நோக்கித் தள்ளிக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. முப்பது வருடத்தில் மக்கி உதிர்ந்துவிட, பிக்கப் குழிக்குள் அமிழ்ந்து கிடந்தது. சோபா தைக்கும் கடையில் ஒரு துண்டு ஸ்பாஞ்சு வாங்கி வெட்டி வைத்தோம். பழைய குரல் திரும்பிவிட்டது. பல ஆயிரம் ரூபாய் மிச்சம்.

பிக்கப் மாற்றுவதில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான்: மாற்றவே தேவையில்லாத பிக்கப்பை மாற்றுவது. பேஸின் ஒலி தந்தியில் தொடங்கி விரல், உயரம், குமிழ், வயர், ஆம்ப் எல்லாவற்றையும் தாண்டித்தான் காதுக்கு வருகிறது. அந்த வரிசையில் பிக்கப் ஒரு கண்ணி. அதைப் போய் முதல் குற்றவாளியாக நிறுத்திவிடுகிறோம்.

ஆகவே முதலில் உயரத்தைச் சரிபாருங்கள். தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகப் பட்டை) அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடிப்பாகத்துக்கும் காந்த முனைக்கும் இடையே அளவுகோலை வையுங்கள். தடித்த தந்திப் பக்கம் சுமார் 3 மில்லிமீட்டர், மெல்லிய தந்திப் பக்கம் அதைவிடச் சற்றுக் குறைவு என்பது நல்ல தொடக்கம். சத்தம் வேண்டும் என்று மேலும் மேலும் ஏற்றினால் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும். சுருதி தடுமாறும், நாதம் சீக்கிரம் அடங்கிவிடும். அடுத்தது தந்தி. இரண்டு வருடமாக மாற்றாத தந்தியோடு 'என் பிக்கப் மந்தமாக இருக்கிறது' என்று சொல்பவரிடம் பேச என்ன இருக்கிறது?

தந்தி என்றதும் ஜேம்ஸ் ஜேமர்சனைச் சொல்லாமல் நகர முடியாது. டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனப் பதிவுகளில் பேஸ் வாசித்தவர், 1983இல் மறைந்தார். அவர் கையிலிருந்தது 1962ஆம் ஆண்டின் பிரிசிஷன் பேஸ். அந்த ஒலி வேண்டும் என்று '62' எண் போட்ட பிக்கப்பைத் தேடி வாங்குகிறவர்கள் ஏராளம். ஆனால் ஜேமர்சன் போட்டிருந்தது தடிமனான ஃபிளாட்வூண்ட் தந்தி. மேல் சுற்று தட்டையாக, தொட்டால் வழவழவென்று இருக்கும். அறுந்தால் ஒழிய அதை மாற்ற மாட்டார் என்பார்கள். தந்தியின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்குள் ஒரு ஸ்பாஞ்சு தந்தியை லேசாக அமுக்கிக்கொண்டிருக்கும். வாசித்தது பெரும்பாலும் ஒற்றை ஆள்காட்டி விரலால். புது எஃகுத் தந்தி மாட்டி, பிளெக்ட்ரம் (மீட்டும் சில்லு) வைத்துத் தட்டும் ஒருவருக்கு எந்த 62ஆம் எண் பிக்கப்பும் அந்தக் குரலைத் தராது. பிக்கப்பைவிட மிகக் குறைந்த விலையில் ஒரு செட் ஃபிளாட்வூண்ட் கிடைக்கும். அதை முதலில் முயன்று பாருங்கள்.

பிக்கப் உண்மையிலேயே செத்திருந்தால்? மல்டிமீட்டரில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வால்யூமை முழுதும் திறந்து, ஜாக்கில் வயரைச் செருகி, மறுமுனையில் 20 கிலோ ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். பி வகையில், அதாவது பிரிசிஷன் பேஸ் பிக்கப்பில், பத்து, பதினொன்று என்று ஏதாவது காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. இங்கே ஜே வகை, அதாவது இரண்டு பிக்கப் கொண்ட ஜாஸ் பேஸ், வைத்திருப்பவர்கள் ஒருமுறை பயப்படுவார்கள். ஏழரை காட்ட வேண்டிய பிக்கப்புக்கு மூன்றரைச் சொச்சம்தான் காட்டும். இரண்டு பிக்கப்பும் இணையாக இணைந்திருப்பதால் மின்தடை பாதியாகிறது, அவ்வளவுதான். ஒரு வால்யூமை மூடிவிட்டு மற்றதை அளக்கலாமா என்றால், பழைய பாணி இணைப்பு இல்லாத சில கிதார்களில் மொத்தமும் பூஜ்யமாகிவிடும். உள்ளே திறந்து ஒரு முனையைக் கழற்றி அளப்பதே நம்பகமான வழி.

எண்ணைப் பார்த்து வாங்குவது

இணையத்தில் பிக்கப் விற்கும் எவரும் முதலில் போடுவது இந்த மின்தடை எண்ணைத்தான். 10.5 கிலோ ஓம், 12 கிலோ ஓம் என்று. வாங்குகிறவரும் குதிரைசக்தியைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்து, பெரிய எண் என்றால் பெரிய ஒலி என்று முடிவு கட்டிவிடுகிறார்.

அந்த எண் சொல்வது சுருளில் உள்ள செப்புக் கம்பி மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை மட்டுமே. பழைய பிக்கப்புகளில் வழக்கமாகச் சுற்றிய 42ஆம் எண் கம்பிக்குப் பதில் அதைவிட மெல்லிய 43ஐ அதே எண்ணிக்கையில் சுற்றினாலும் மின்தடை ஏறும். ஒலி அந்த அளவுக்கு ஏறாது. வெப்பநிலை மாறினாலும் எண் மாறும். செப்பின் மின்தடை ஒரு டிகிரிக்குக் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் கூடும். குளிரூட்டிய கடையில் 22 டிகிரியில் 10.5 காட்டிய பிக்கப், சென்னையின் மே மாதப் பிற்பகலில் 38 டிகிரி சூட்டில் மாடி அறையில் சுமார் 11.2 காட்டும். இரண்டு பிக்கப்புகளுக்கு இடையே அரை கிலோ ஓம் வித்தியாசத்தை வைத்து வாரக்கணக்கில் வாதாடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சுற்றுகள் உண்மையிலேயே கூடினால் சத்தம் ஏறும், சரி. கூடவே சுருளின் தூண்டல் ஏறி, ஒலியின் கூர்மை இறங்கும். விரல் தந்தியை விட்டு விலகும்போது கேட்கும் அந்த மெல்லிய 'டிக்' மங்கிப்போகும். கிப்ஸனின் ஈபி-0, ஈபி-3 பேஸ்களில் நெக் (கழுத்து) ஓரம் இருந்த பெரிய ஹம்பக்கர் (இரண்டு சுருள்களால் இரைச்சலை நீக்கும் பிக்கப்) சுமார் 30 கிலோ ஓம் காட்டும். எண்ணின்படி அதுதான் உலகின் உரத்த, தெளிந்த பேஸாக இருக்க வேண்டும். வாசிப்பவர்கள் அதற்கு வைத்த பெயர் 'மட்பக்கர்', அதாவது சேற்றுப் பிக்கப். எனக்கு அந்தச் சேறு பிடிக்கும், அது வேறு விஷயம். பி வகை வாங்கியவருக்கு அது வேண்டியிருக்காது.

பழைய பாணி வேண்டும் என்றால் அல்னிகோ 5 (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தம், 42ஆம் எண் கம்பி, மிதமான சுற்று ஆகியவற்றைத் தேடுங்கள். செராமிக் காந்தமோ, சீமோர் டன்கன் 'குவார்ட்டர் பவுண்ட்' போலக் கால் அங்குலத் தடிமன் காந்த முனைகளோ கொண்டவை தரத்தில் குறைந்தவை அல்ல. ஆனால் அவற்றின் குணம் வேறு.

பொருந்தாதவை

'பிரிசிஷன் பேஸ் பிக்கப்' என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் விற்கின்றன. லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் 1951இல் கொண்டுவந்த பேஸில் இருந்தது, நான்கு தந்திக்கு நான்கு காந்த முனைகள் கொண்ட ஒற்றைச் சுருள். 1957இல் அதைக் கைவிட்டு, சுருளை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு தந்தியும் இரண்டு முனைகளுக்கு நடுவே போகும்படி மாற்றினார்கள். நாம் எல்லோரும் மனக்கண்ணில் பார்க்கும் பி பிக்கப் இந்தப் பிந்தையது. 50கள் பாணி என்று மட்டும் படித்துவிட்டு ஒற்றைச் சுருளை வாங்கினால் மரத்தில் குழியே வேறு. மரத்தின் மேல் மூடும் பிக்கார்டும் வேறு.

1960இல் வந்த ஜாஸ் பேஸில் பொறி இன்னும் நுட்பமானது. நெக் பிக்கப்பைவிட பிரிட்ஜ் பிக்கப் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளம். எல்லாக் கிதாரிலும் அப்படி இல்லை, இரண்டும் ஒரே நீளமுள்ளவையும் உண்டு. முதல் முறை நான் செட்டாக வாங்கியபோது அளக்கவில்லை. நீளமானது குழிக்குள் இறங்க மறுத்தது. உளியை எடுத்தேன். ஒரு மூலையில் வார்னிஷ் சில்லுப் பெயர்ந்த அந்த வடு இன்றும் இருக்கிறது. பழைய பிக்கப் மூடியை மில்லிமீட்டரில் அளந்து குறித்துக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள்.

1970களின் ஜாஸ் பேஸ் ஒலியைத் தேடுபவர்களுக்கு ஒரு செய்தி: அந்தக் காலத்தில் பிரிட்ஜ் பிக்கப்பை ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் பிரிட்ஜ் பக்கம் நகர்த்தியிருந்தார்கள். அந்தக் கரகரப்பில் பெரும்பங்கு அந்த இடத்துக்குச் சேரும். 60கள் இடத்தில் குழி உள்ள மரத்தில் 70கள் பிக்கப்பைப் போட்டால் பாதி ஒலிதான் வரும்.

வேறு வேறு நிறுவனங்களின் பிக்கப்புகளை ஒரே ஜாஸ் பேஸில் கலப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். தனித்தனியே வாசித்தால் இரண்டும் அருமை. இரண்டு வால்யூமையும் திறந்தால் அடித்தொனி காணாமல்போய் மூக்கால் பாடுவதுபோல் ஆகிவிடும். ஒன்றின் அலை நேர், மற்றதன் அலை எதிர், ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒரு பிக்கப்பின் இரண்டு வயர்களை இடம் மாற்றிப் பற்றவைத்தால் தீர்ந்தது. ஆனால் ஹம் (விடாத உறுமல் இரைச்சல்) தீருமா என்பதைக் காந்த முனைகள்தான் முடிவு செய்யும். பொருத்துவதற்கு முன் இரண்டையும் முகத்துக்கு முகம் மெதுவாக அருகே கொண்டுபோங்கள். ஈர்த்தால் நல்லது, தள்ளினால் சேர்ந்து ஒலிக்கும்போதும் ஹம் இருக்கும்.

பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்கப்பை எடுத்துவிட்டுப் பழைய பாணிக்குத் திரும்புபவர்கள் குமிழ்களையும் மாற்ற வேண்டும். அவை பெரும்பாலும் 25 கிலோ ஓம் பாட் (குமிழுக்கு அடியிலுள்ள மாறும் மின்தடை). சாதாரண பிக்கப்புக்கு 250 வேண்டும். மாற்றாமல் விட்டால் ஒலி கம்பளி போர்த்திக்கொண்டு வரும்.

ஹம் வருகிறது என்பதற்காக மாற்றுவது

பிளந்த சுருள் பி பிக்கப் தன் ஹம்மைத் தானே நீக்கிக்கொள்ளும். அதில் இரைச்சல் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சுவர். எர்த் இல்லாத பிளக்பாயின்ட், பழைய டியூப்லைட் சோக், மின்விசிறி ரெகுலேட்டர் இவை மூன்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். கிர்ரென்ற கூர்மையான இரைச்சல் என்றால் பிக்கப்பின் ஹம் நீக்கும் திறமை அதைத் தொடாது. குழிக்குள் செப்புத் தாள் ஒட்டி எர்த்தோடு இணைத்தால்தான் அடங்கும். ஆம்பின் மூன்றாவது முள்ளை உடைத்துச் செருகும் பழக்கம் நம் ஊர் ஒத்திகை அறைகளில் இன்னும் இருக்கிறது. தந்தி எர்த்தோடு இணைந்திருக்கிறது. பழுதான ஆம்பில் அந்த மின்சாரம் உங்கள் விரல் வழியே போகும்.

கடைசியாக, கழற்றிய பிக்கப்பைப் பற்றி. பழைய பாணிச் சுருளில் மெல்லிய கம்பி நேராகக் காந்தத்தின் மீதே சுற்றியிருக்கும். ஒரு முனை உயரமாக இருக்கிறதே என்று சுத்தியலால் தட்டி இறக்கினால் உள்ளே கம்பி அறுந்துவிடும். நான் ஒன்றை இப்படிக் கொன்றிருக்கிறேன். கிதார் உண்மையிலேயே பழையது என்றால் வயரைக் கத்தரிக்காமல் பற்றவைத்த இடத்தை உருக்கி விடுவியுங்கள். எந்த வயர் எங்கே போனது என்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிக்கப்பைத் திருகுகளோடு சேர்த்து ஒரு டப்பாவில் போட்டு, அளந்த எண்ணையும் தேதியையும் மேலே எழுதி வையுங்கள். அறுந்த சுருளைக்கூடத் திரும்பச் சுற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள்.