பாசிக்குள் பாஸ்: காஸ்டிங் ராட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃப்ளோரிடாவின் டோஹோ ஏரிக்கரையில் சனிக்கிழமை காலை நின்றால் இப்போதெல்லாம் எங்காவது தமிழ் காதில் விழுந்துவிடுகிறது. ஆர்லாண்டோ, டாம்பா பக்கம் வேலைக்கு வந்தவர்கள் முதலில் ப்ளூகில், கெளுத்தி என்று கை பழகுகிறார்கள், அப்புறம் லார்ஜ்மவுத் பாஸ் மீன் பக்கம் திரும்புகிறார்கள். கையில் புது ராட் (தூண்டில் கோல்) இருக்கும். அதைப் பார்த்ததுமே கடையில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று தெரிந்துவிடும். நானும் ஒரு காலத்தில் அதே பேச்சைக் கேட்டு அதே ராடை வாங்கியவன்தான்.

லைசென்ஸ் எடுங்கள், ஸ்பின்னிங் ராடோடு அல்லிக்காட்டுக்குள் போகாதீர்கள், கரையோரம் முதலை இருக்கும் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும். பாசி, கோரை, அல்லி இலை என்று அடைத்துக் கிடக்கும் தண்ணீரில் மீன் பிடிக்க ராட் வாங்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம் என்பது மட்டும்தான் பேச்சு.

அடைத்துக் கிடக்கும் தண்ணீர் என்றால் டோஹோ, கிஸ்ஸிம்மி, ஓகிசோபி மாதிரி ஏரிகள். ஆழம் குறைவு, செடி அதிகம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கே படகின் விசிறியைச் சுற்றிக்கொண்டு உயிரை வாங்கும் ஹைட்ரில்லா, 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டிச் செடியாக இலங்கையிலிருந்து வந்தது. டாம்பா, மயாமி பக்கத்து வாய்க்கால்களில் விட்டதும் பரவிவிட்டது. பதிலுக்கு நம்மூர்க் குளங்களை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. கணக்கு நேர்.

தூண்டில் நரம்பு கெட்டி என்றால் ராட் எதுவானால் என்ன?

இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. கடையில் நடப்பது இதுதான். புதிதாக வருகிறவர், பாசிக்குள் ஃப்ராக் (ரப்பர் தவளை இரை) வீச வேண்டும், ஒரு ராட் காட்டுங்கள் என்கிறார். விற்பவர் ஏழு அடி மீடியம் ஹெவி ஒன்றை எடுத்து நீட்டுகிறார். "எல்லாத்துக்கும் ஆகும்" என்கிறார். "பாசிக்குத் தாங்குமா?" என்று கேட்டால், "65 பவுண்டு பிரெய்டு போட்டுக்கோங்க, ஒன்றும் ஆகாது" என்று பதில் வருகிறது. பிரெய்டு என்றால் இழைகளைப் பின்னிய நரம்பு, 65 பவுண்டு என்பது அது அறாமல் தாங்கும் இழுவை. வாங்குபவர் மனதில் கணக்கு முடிந்துவிடுகிறது: 65 பவுண்டு, கிட்டத்தட்ட 29 கிலோ, எந்த பாஸ் அவ்வளவு கனம் இருக்கப் போகிறது?

கணக்கு சரி, கேள்விதான் தப்பு. அந்த 29 கிலோவை யாரும் இழுப்பதில்லை. ராடை வளைத்துப் பிடித்துக்கொண்டு நாலைந்து கிலோ இழுவை கொடுப்பதே பெரிய காரியம். 65 பவுண்டு பிரெய்டு போடுவது வேறு காரணத்துக்காக: அல்லித் தண்டில் உரசினாலும் பிசிறக் கூடாது, பாசியை அறுத்துக்கொண்டு வர வேண்டும், நரம்பு சுற்றியிருக்கும் ரீலில் புதையக் கூடாது. மீனைத் தூக்குவது ராடின் வேலை. அந்த வேலையை நரம்பு செய்யாது.

போன வசந்தத்தில் ஒரு தம்பியைப் படகில் கூட்டிப்போனேன். அவர் ராடின் மேல் சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்தது: மீடியம் ஹெவி, ஃபாஸ்ட், நரம்பு 12-20 பவுண்டு, லூர் (செயற்கை இரை) கால் முதல் முக்கால் அவுன்ஸ். ரீலில் 65 பவுண்டு பிரெய்டு, மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராகை முழுக்க இறுக்கி வைத்திருந்தார்.

"அண்ணா, இதுல திமிங்கிலம் மாட்டினாலும் அறாது."

"நரம்பு அறாது தம்பி. ராட் என்ன செய்யும்னு பாருங்க."

அல்லி இலைகளுக்கு நடுவே கையகல இடைவெளி. ஃப்ராக் அதைத் தாண்டும்போது தண்ணீர் வெடித்தது. சும்மா சொல்லக் கூடாது, அவர் அவசரப்படவில்லை. ஃப்ராக் உள்ளே போனதைப் பார்த்துவிட்டுத்தான் ஓங்கி இழுத்தார். ராட் நுனியிலிருந்து பிடிக்கு ஓர் அடி மேல் வரை வளைந்தது. வளைவதிலேயே இழுத்த வேகம் தீர்ந்துபோனது. ஃப்ராக்கின் இரட்டைக் கொக்கி தடித்த கம்பி. அதுவும் ரப்பர் உடல் அமுங்கிய பிறகுதான் வெளியே வரும். மீனின் தாடையில் அது முழுதாக இறங்க, ராடின் நடுப்பகுதி விறைப்பாக நின்று தள்ள வேண்டும். இங்கே நடுப்பகுதி வணங்கிக் கொடுத்தது. மீன் தலையைத் திருப்பிக் கீழே இறங்கி இரண்டு தண்டுகளைச் சுற்றிக்கொண்டது.

அதற்குப் பிறகு செய்ததுதான் காசைத் தின்றது. மீன் வரவில்லை என்றதும் ராடைச் செங்குத்தாக, தலைக்குப் பின்னால் சாய்கிற அளவுக்குத் தூக்கினார். அப்படித் தூக்கும்போது கனம் முழுக்க நுனிப்பக்கத்துக்குப் போய்விடும். கீழே இருக்கும் தடித்த பகுதிக்கு வேலையே இருக்காது. நுனியிலிருந்து ஓர் அடி கீழே பட்டென்று முறிந்தது. மெல்லிய நரம்பாக இருந்திருந்தால் அறுந்து ராட் தப்பியிருக்கும். அறாத நரம்பு, இறுக்கிய டிராக், பலமில்லாத ராட் மூன்றும் சேர்ந்தால் போவது ராட்தான்.

ட்ரோலிங் மோட்டாரில் மெதுவாக அந்த இடத்துக்குப் போய், நரம்பைக் கையால் பிடித்து, தண்டுகளை விலக்கி மீனை எடுத்தோம். நாலு பவுண்டு இருக்கும். கொக்கி உதட்டோரத் தோலில் மட்டும் ஏறியிருந்தது. விட்டுவிட்டோம். உடைந்த ராடின் விலையோடு இன்னும் நாற்பது, ஐம்பது டாலர் போட்டிருந்தால் முதல் நாளே சரியான ராட் கிடைத்திருக்கும். கடைக்காரர் அதைச் சொல்லவில்லை. வாரண்டி கேட்டுப் போனபோது, "ராடில் போட்டிருக்கும் அளவைத் தாண்டி நரம்பு போட்டிருக்கிறீர்களே" என்றாராம். அந்த நரம்பைச் சுற்றிக் கொடுத்ததே அவர்தான்.

ஆகவே, முதலில் ராட், அதற்கேற்ற நரம்பு. ராடில் எழுதியிருக்கும் நரம்பு அளவு பெரும்பாலும் நைலான், ஃப்ளோரோகார்பனை மனதில் வைத்துப் போட்டது, அதனால் பிரெய்டு அதைத் தாண்டலாம். ஆனால் 20 பவுண்டோடு நிற்கிற ராடில் 65 போட்டு டிராகைப் பூட்டுவது ராடுக்கு நாள் குறிப்பதுதான். மீன் தண்டில் சிக்கிக்கொண்டால் ராடைத் தூக்காதீர்கள். நேராக மீனைப் பார்த்து நீட்டி, நரம்பை இறுக்கமாக வைத்துக்கொண்டு, படகை அங்கே கொண்டுபோங்கள். சரியான ராட் வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும்.

பவரும் ஆக்‌ஷனும் ஒன்றல்ல

ராட் வளைய எவ்வளவு கனம் தேவை என்பது பவர்: மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி, எக்ஸ்ட்ரா ஹெவி. எந்த இடத்தில் வளைகிறது என்பது ஆக்‌ஷன். ஃபாஸ்ட் என்றால் நுனிப்பக்கம் மட்டும், மாடரேட் என்றால் நடுவரைக்கும். "ஃபாஸ்ட் என்று போட்டிருக்கிறதே, அப்படியானால் விறைப்பான ராட்தானே?" என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. மெல்லிய மீடியம் ராடும் ஃபாஸ்ட்டாக இருக்கலாம்.

இன்னொரு சிக்கல், இந்தப் பெயர்களுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் ஹெவி இன்னொரு கம்பெனியின் மீடியம் ஹெவியாக இருக்கும். அதனால் பெயரை விட்டுவிட்டு லூர் எடையைப் பாருங்கள். மேல் எல்லை ஒரு அவுன்ஸுக்குக் கீழே நின்றால் அந்த ராட் பாசிக்கு வேண்டாம். ஒன்றரை அவுன்ஸ் வரை எழுதியிருந்தால் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

முடிந்தால் உங்கள் ரீலைக் கடைக்கே கொண்டுபோய் மாட்டுங்கள். நரம்பை ராடின் மேல் உள்ள கைடு வளையங்கள் வழியாக விட்டு, நிறைந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கட்டி, ராடைக் கிடைக்கு மேலே கொஞ்சம் தூக்கிய நிலையில் மெதுவாக உயர்த்துங்கள். மேல் மூன்றில் ஒரு பங்கு வளைந்து, மிச்சம் நேராக நின்று பாட்டிலைத் தூக்கினால் அதுதான் வேண்டியது. பாதிக்குக் கீழேயும் வளைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நுனியைக் கையால் பிடித்து வளைத்துப் பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். கடைக்காரர் முறைப்பார், முறைப்பதில் நியாயமும் உண்டு.

சூடு பட்டவர்கள் உலக்கை வாங்குவது

ஒரு ராட் உடைந்ததும் அடுத்த கோடிக்குப் போகிறவர்கள் உண்டு. எட்டு அடி எக்ஸ்ட்ரா ஹெவி. உலக்கைக்குக் கைடு கட்டிய மாதிரி இருக்கும். மேலே மெத்தையாகப் படர்ந்த பாசியை ஒன்று, ஒன்றரை அவுன்ஸ் டங்ஸ்டன் வெயிட்டால் துளைத்து இறக்குகிற பஞ்சிங்குக்கு அது கச்சிதம். நேர்க்கம்பிக் கொக்கி, ஸ்னெல் முடிச்சு, 65 பவுண்டு பிரெய்டு, மீன் தொட்டதும் மேலே தூக்கிப் பாசியோடு படகுக்குள். ஆனால் அதே ராடில் அரை அவுன்ஸ் ஃப்ராக்கை வீசிப் பாருங்கள். நுனி வளையாது, அதனால் லூர் தூரம் போகாது. போனாலும் இடமும் வலமுமாக நடக்கவைக்க முடியாது. நுனியில் கொஞ்சமாவது நெளிவு இருந்தால்தான் ஃப்ராக் தலையை ஆட்டும்.

ஒரே ஒரு ராட்தான் வாங்க முடியும் என்றால் 7 அடி 3 அல்லது 4 அங்குலம், ஹெவி, ஃபாஸ்ட் வாங்குங்கள். ஃப்ராக்குக்கும் ஆகும், ஜிக்குக்கும் (எடைத்தலைக் கொக்கி) ஆகும், ஒரு அவுன்ஸ் வரை பஞ்சிங்கும் பார்க்கலாம். இரண்டாவது ராட் வாங்கும் யோகம் வந்தால் அப்போது உலக்கையைப் பற்றி யோசிக்கலாம்.

நீளம்

நீள ராட் என்றால் தூரம் வீசத்தான் என்று நினைப்பது பாதி உண்மை. செடிக்குள் தூரம் வீசுவதைவிட, கையை நீட்டி மீனைச் செங்குத்தாக மேலே எடுப்பதுதான் முக்கியம். கிட்டத்திலிருந்தே செடிக்குள் லூரை மெல்ல இறக்கும் ஃபிளிப்பிங் பிறந்த கதையே இதுதான். கலிஃபோர்னியாவில் கோரைப் புதர்களுக்குள் 12 அடி ராடை வைத்து ஜிக்கை இறக்கி எடுக்கும் பழக்கம் இருந்தது. அங்கத்திய பாஸ் போட்டியாளர் டீ தாமஸ் அதைக் குட்டையான ராடுக்கு மாற்றிக்கொண்டு, 1975இல் ஆர்கன்சாவின் புல் ஷோல்ஸ் ஏரிப் போட்டியில் ஜெயித்தார். அப்புறம் ஏழரை அடி ஃபிளிப்பிங் ராட் கடைக்கு வந்தது. இன்றைக்கும் அந்த ஏழரையைச் சுற்றித்தான் எல்லாம் நிற்கிறது.

கயாக்கில் உட்கார்ந்து பிடிப்பவர்களுக்கு எட்டு அடி தொல்லை. ராடைத் தாழ்த்தி ஃப்ராக்கை நடக்கவைக்கும்போது நுனி தண்ணீரில் அடிக்கும். உயரம் குறைவானவர்களுக்கும் அப்படித்தான். ஏழு அடிக்குச் சற்று மேலே போதும்.

மைக்ரோ கைடு

சின்னஞ்சிறு வளையங்கள், பாசி அடைத்துக்கொள்ளும். வேண்டாம்.

பின்பிடி

முழங்கையைத் தாண்டி நீண்டால் ஃப்ராக்கை ஆட்டும்போது விலாவில் இடிக்கும். உள்ளங்கை அகலத்துக்குக் குறைந்தால் தூக்கும்போது நெம்பு கிடைக்காது. சட்டை போட்டுப் பார்ப்பதுபோல் பிடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், இணையத்தில் அல்ல.

டன் கணக்கு

30 டன், 40 டன் என்று ராடின் கிராஃபைட்டுக்கு விறைப்பைக் குறிக்கும் எண் போட்டு விற்பார்கள். எண் ஏறினால் ராட் இலேசாகும், விறைப்பாகும், அடிபட்டால் சீக்கிரம் உடையும். பாசிக்குள் ராட் படகில் மோதும், கட்டையில் மோதும். பெரிய எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

ஊருக்குக் கொண்டுபோக ஒன்று

தமிழ்நாட்டில் விராலுக்கு வீசுவதும் இதே ரப்பர் ஃப்ராக்தான். தாமரை, ஆம்பல் இலைக்கு நடுவே அடிக்கும் அடியும் கிட்டத்தட்ட இதேதான். அதனால் லீவுக்குப் போகும்போது இங்கிருந்து ராட் வாங்கிப்போகிறவர்கள் அதிகம். ஒற்றைத் துண்டு ஏழரை அடி ராடை விமானத்தில் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஊருக்கென்றால் இரண்டு துண்டு ஹெவி வாங்குங்கள், குறையொன்றும் இல்லை. பொருத்தும் இடம் பிடிக்குள்ளேயே இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பழைய ராட் வாங்குகிறவர்களுக்கு

பாசிக்குள் புழங்கிய ஹெவி ராடுகள் பாதி விலைக்குக் கிடைக்கும். வாங்கலாம். ஆனால் ஒரு பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு கைடு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றுங்கள். பஞ்சு இழை பிரிந்து ஒட்டினால் உள்ளே பீங்கான் கீறியிருக்கிறது, அது பிரெய்டை அறுத்துவிடும். அப்புறம் ராடின் உடலை நகத்தால் மேலிருந்து கீழே வருடுங்கள், ரீலுக்கு மேலே இரண்டு அடி வரை கூடுதல் கவனமாக. படகு வேகமாகப் போகும்போது தொங்கும் டங்ஸ்டன் வெயிட் அங்கேதான் தட்டிக்கொண்டே வரும். கண்ணுக்குத் தெரியாத அந்த அடி, நல்ல மீன் மாட்டி ஓங்கி இழுக்கும் நாளில்தான் பிளக்கும். பொட்டுப் பொட்டாகக் குழி தட்டுப்பட்டால் என்ன விலை சொன்னாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.